டைரியும் வாழ்க்கைக் கதையும்: எழுதத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புத்தாண்டுக்குக் கடையில் கொடுத்த டைரியில் ஜனவரி முதல் வாரம் மட்டும் நிரம்பியிருக்கும். பிறகு பால் கணக்கு, போன் நம்பர்கள், கடைசிப் பக்கங்களில் குழந்தைகளின் கிறுக்கல். பல வீடுகளில் டைரியின் கதை இதுதான். எழுத வேண்டும் என்ற ஆசை உண்மையானது, எங்கே தொடங்குவது என்பதுதான் தெரிவதில்லை. என்னிடம் இது பற்றிக் கேட்டவர்களின் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் வாழ்க்கையில் எழுதுகிற மாதிரி என்ன நடந்துவிட்டது?

கிட்டத்தட்ட எல்லாருமே இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். வரலாறு என்பது பெரிய மனிதர்களுக்கு, நமக்கு எதற்கு என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது.

தமிழில் எழுதப்பட்ட டைரிகளில் மிகப் புகழ்பெற்றது ஒரு வியாபாரியுடையது. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் அதை எழுதத் தொடங்கினார். பிற்பாடு பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சுக்குத் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பும் வியாபாரத் தரகும் பார்ப்பவராக, உயர்ந்தார். 1761 ஜனவரியில் இறக்கும் வரை எழுதினார். தொடங்கும்போது அவர் சொன்னது மிக எளிமையானது: காதால் கேட்பதையும் கண்ணால் காண்பதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும், புதுமையாக நடப்பதையும் எழுதப் போகிறேன் என்ற பொருளில் ஆரம்பிக்கிறார். வாழ்க்கையின் அர்த்தத்தை எழுதப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. கண்டது, கேட்டது. அவ்வளவுதான். அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய விரும்புகிற எந்த ஆய்வாளரும் இன்று அந்த டைரியைத் தாண்டிப் போக முடியாது.

சரி, நம்மிடம் கப்பல் இல்லை. ஆனால் 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது உங்கள் வீட்டில் கையில் எவ்வளவு இருந்தது? அரிசி டப்பாவிலிருந்தோ சேலை மடிப்பிலிருந்தோ யாருடைய சேமிப்பு வெளியே வந்தது? 2020 மார்ச் ஊரடங்கில் உங்கள் தெருவுக்குக் காய்கறி எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார், கத்தரிக்காய் என்ன விலை? அறிவிப்பு வந்த தேதியை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு அரிசி டப்பாவில் நடந்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாராலும் எழுத முடியாது. எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

டைரி, தன்வரலாறு இரண்டில் எதில் தொடங்குவது?

டைரி நடந்த அன்றே எழுதுவது. நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் எழுதுவதுதான் அதன் பலம். தன்வரலாறு பின்னால் இருந்து திரும்பிப் பார்த்து எழுதுவது. எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுதிப் பழக்கமில்லாதவர்கள் டைரியில் தொடங்கட்டும். இன்றைக்கு நடந்ததை எழுதும்போது பழையது தானாகவே மேலே வரும். அப்படி வரும் நினைவுகளுக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தனியாக இடம் ஒதுக்கிவிடுங்கள். முன்னால் இன்று, பின்னால் அன்று. நோட்டு முடிவதற்குள் உங்கள் வாழ்க்கைக் கதையின் பாதிப் பொருள் அங்கே சேர்ந்திருக்கும்.

முதல் நாள் என்ன எழுதுவது? பேனாவை எடுத்தால் ஒன்றும் வரவில்லை.

தேதி, கிழமை, ஊர் மூன்றையும் எழுதுங்கள். வருடத்தையும் எழுதுங்கள். பழைய நோட்டுகளில் "12 திங்கள்" என்று மட்டும் இருக்கும், எந்த வருடம் என்று பேரப்பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் இன்று கண்ணில் பட்ட ஒரு காட்சி, காதில் விழுந்த ஒரு பேச்சு, கையை விட்டுப் போன ஒரு செலவு. மூன்று வரி போதும். முதல் மாதம் முழுக்க இதற்கு மேல் எழுத வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான டைரிகள் செத்துப்போவது இதில்தான். ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனோம். எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் மனதில் ஏதோ ஒரு வருத்தம்."

ஐந்து வருடம் கழித்துப் படித்தால் எந்த ஞாயிறு, என்ன வருத்தம் என்று எழுதியவருக்கே பிடிபடாது. அதே நாளை இப்படியும் எழுதலாம்:

"ஞாயிறு. அம்மா வீடு. போகும்போது கரண்ட் இல்லை. அம்மா வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். 'வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல' என்றாள். நேற்று போனில் பேசியபோது சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் பெயரைச் சொல்ல வந்து, வராமல், 'அவதான், அந்தக் கோலம் போடுறவ' என்றாள். திரும்பும்போது கீரையைப் பையில் போட்டுக் கொடுத்தாள்."

இதில் வருத்தம் என்ற சொல்லே இல்லை. ஆனால் எத்தனை வருடம் கழித்துப் படித்தாலும் அந்த வருத்தம் அப்படியே இருக்கும். அம்மாவின் மறதி எப்போது தொடங்கியது என்று ஒருநாள் மருத்துவர் கேட்டால் பதிலும் அங்கே இருக்கும். மகிழ்ச்சி, துயரம், ஏக்கம் போன்ற சொற்களை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதைப் பார்த்து அப்படித் தோன்றியதோ, அதை முதலில் எழுதுங்கள்.

தினமும் எழுதியே ஆக வேண்டுமா?

வேண்டாம். வாரம் இரண்டு நாள் எழுதினாலும் ஒரு வருடத்தில் நூறு பதிவுகள். விட்டுப்போன நாட்களை நிரப்பப் பார்க்காதீர்கள், "பத்து நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும்" என்று டைரியிடம் மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டு இன்றிலிருந்து தொடருங்கள். தேதி அச்சடித்த டைரியில் காலிப் பக்கங்கள் குற்றவுணர்வைத் தரும் என்பதால் கோடு போட்ட சாதாரண நோட்டையே நான் சொல்வேன்.

நேரம் என்று பார்த்தால், ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு ஒட்டவைப்பது நல்லது. இரவு வாசல் கதவைப் பூட்டிய பிறகு, காலைக் காபி குடிக்கும்போது, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில். இதற்கென்று தனி நேரம் ஒதுக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் வரவே வராது.

எந்தத் தமிழில் எழுதுவது? எனக்கு நல்ல தமிழ் வராது.

பள்ளிக்கூடத்துக் கட்டுரைத் தமிழ்தான் எழுத்துத் தமிழ் என்று நினைப்பதால் வருகிற பயம் இது. பேனாவை எடுத்ததும் "அன்னார் இல்லத்திற்கு வருகை புரிந்தார்" என்று கை போகும். வீட்டுக்கு வந்தவர் மாமா. "மாமா வந்தார்" என்று எழுதினால் போதும்.

எனக்குச் சரியாகப் படுகிற வழி இது: நீங்கள் சொல்கிற பகுதியை எளிய எழுத்துத் தமிழில் எழுதுங்கள். மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே விடுங்கள். திருநெல்வேலிக்காரர் "ஏல" என்றால் "ஏல" என்றே இருக்கட்டும். கொங்குப் பக்கத்து "ஏனுங்க", யாழ்ப்பாணத்து "ஓம்" எதையும் திருத்த வேண்டாம். அப்பத்தா என்று கூப்பிட்டவரைக் கதையிலும் அப்பத்தா என்றே எழுதுங்கள். ஒரு மனிதர் இறந்த பிறகு நாம் முதலில் மறப்பது அவர் குரலைத்தான். அவர் பேசிய வாக்கியம் ஒன்றைச் சிதைக்காமல் எழுதி வைத்திருந்தால் குரலில் கொஞ்சமாவது மிஞ்சும்.

வீட்டில் ஆங்கிலம் கலந்து பேசுகிறீர்கள் என்றால் அதுவும் வரட்டும். ஆனந்தரங்கப் பிள்ளையும் அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழில், பிரெஞ்சு, பாரசீகச் சொற்களெல்லாம் கலந்துதான் எழுதினார். பிழைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது சொல்ல வந்தது போய்விடும். யாருக்காவது கொடுக்கும் முன் தமிழ் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னால் ஆயிற்று.

நோட்டா, போனா?

உங்கள் கைக்கு எது சுலபமோ அது. போனில் தமிழ்த் தட்டச்சு வராதவர்கள் கீபோர்டில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் தமிழில் எழுத்தாகவே விழும். ஊர்ப்பெயர்களும் ஆட்களின் பெயர்களும் தப்பாக விழும், அன்றே திருத்திவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பிக் குறித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். குறிப்புக்கு அது சரி, ஆனால் போன் போனால் எல்லாம் போகும். மாதம் ஒருமுறை வேறு ஓரிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

வீட்டில் யாராவது படித்துவிட்டால்?

இந்தப் பயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. கூட்டுக் குடும்பத்தில் தனக்கென்று பூட்டு உள்ள ஒரு அலமாரிகூட இல்லாத பெண்கள் எத்தனையோ பேர். டைரியைப் படித்துவிட்டு அதை ஆயுதமாக எடுத்து வீசுகிறவர்களும் இருக்கிறார்கள். "யார் படித்தால் என்ன, உண்மையை எழுது" என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் தனி அறை உள்ளவர்கள்.

உங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். எழுதினால் ஆபத்து என்ற இடத்தில் காகிதத்தில் எழுத வேண்டாம். பூட்டுப் போட்ட ஆப்பில் எழுதுங்கள், அல்லது எழுதிவிட்டுக் கிழித்துப் போடுங்கள். கிழித்தாலும் எழுதியது எழுதியதுதான், யோசனை தெளிந்திருக்கும். லண்டனில் 1660 முதல் 1669 வரை டைரி எழுதிய சாமுவேல் பெப்பிஸ் அதைச் சுருக்கெழுத்தில் எழுதினார், மனைவியிடமிருந்து மறைக்க வேண்டிய சங்கதிகளுக்கு வேற்றுமொழிச் சொற்களையும் கலந்துகொண்டார். நீங்களும் பெயர்களுக்குப் பதில் ஒரு அடையாளத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்து இல்லை, வெறும் கூச்சம்தான் என்றால் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று யார் எடுத்தாலும் பரவாயில்லை என்ற வீட்டு நோட்டு: விலை, வருகை, நோய், விசேஷம், சமையல். மற்றது உங்களுடையது. முதல் நோட்டு வெளிப்படையாக மேசையில் கிடப்பதால் இரண்டாவதை யாரும் தேடமாட்டார்கள்.

பிள்ளைகளின் டைரியைப் பெற்றோர் படிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். படிக்கக் கூடாது. ஒருமுறை படித்துவிட்டால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு உங்களுக்காகத்தான் எழுதும், தனக்காக எழுதாது.

சின்ன வயசு எதுவுமே நினைவில் இல்லை. எப்படி மீட்பது?

"என் குழந்தைப்பருவம்" என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் வராது. பொருளிலிருந்து போக வேண்டும்.

முதலில், வளர்ந்த வீட்டின் படத்தைத் தரையில் கோடு போட்டது போல வரையுங்கள். வாசல், திண்ணை, நடை, அடுப்படி, கிணற்றடி, சாமி படம் மாட்டிய சுவர், யார் எங்கே படுத்தார்கள். அழகாக வரைய வேண்டாம். வரைந்துகொண்டு வரும்போதே "இந்த மூலையில் தாத்தா ஈஸி சேர்" என்று எழுந்து வரும். வீடு முடிந்ததும் தெரு. வலது பக்கம் முதல் வீடு யாருடையது, அடுத்தது யாருடையது, மாவு மில் எங்கே, சைக்கிள் கடை எங்கே. 1995 அக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய குடும்பங்களைப் போல, படமும் பத்திரமும் எல்லாம் போனவர்களுக்கு இந்த வரைபடம்தான் கையில் இருக்கும் ஒரே ஆவணம். அவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். அந்த வீட்டில் வாழ்ந்த பெரியவர்கள் இருக்கும்போதே சேர்ந்து உட்கார்ந்து வரைய வேண்டும்.

அடுத்து, வீட்டில் உள்ள காகிதங்கள். கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, நகை அடகு ரசீது, ஜாதக நோட்டு, போட்டோவின் பின்பக்கம். இவற்றில் மொய் நோட்டை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஒரு விசேஷத்துக்கு வந்தவர்கள், அவர்கள் ஊர், எவ்வளவு செய்தார்கள் என்று அந்தக் காலத்து உறவின் படமே அதில் இருக்கிறது. ஒவ்வொரு பெயராகப் பெரியவர்களிடம் கேளுங்கள். "இவரா, இவர் உங்கப்பா படிக்கிறதுக்குப் பணம் கொடுத்தவர்ல" என்று ஒரு கதை வரும். பேச்சு வார்த்தை நின்றுபோன உறவும் நோட்டில் பெயர் இல்லாததாலேயே தெரியவரும்.

ஒரு எச்சரிக்கை: சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் பார்த்து மே மாதமோ ஜூன் மாதமோ ஒரு தேதியைப் போட்டுவிட்டது அந்தத் தலைமுறையில் சாதாரணம்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது? "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ" என்கிறார்கள்.

நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் அப்படித்தான் சொல்வார்கள். கை வேலையாக இருக்கும்போது கேளுங்கள். பூண்டு உரிக்கும்போது, துணி மடிக்கும்போது பேச்சு தானாக வரும். அனுமதி கேட்டுவிட்டுப் போனில் பதிவு போட்டுவிடுங்கள்.

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். அவர்கள் காலத்தை எண்ணால் அளப்பதில்லை, நடந்தவற்றால் அளக்கிறார்கள். தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா பின்னாலா என்றால் 1964 டிசம்பர் ஒரு எல்லையாகக் கிடைத்துவிடும். அண்ணா இறந்தபோது பெரியவன் பிறந்திருந்தானா? அது 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். இறந்த அன்று பஸ் இல்லாமல் நடந்து வந்தோம் என்றால் 1987 டிசம்பர் 24. சிலர் தமிழ் வருடப் பெயரைச் சொல்வார்கள். துந்துபி வருஷம் என்றால் 1982 ஏப்ரலில் தொடங்கியதாக இருக்கலாம், அறுபது வருடச் சுற்று என்பதால் 1922ஆகவும் இருக்கலாம். சொல்பவரின் வயதை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வியும் குறுகலாக இருக்கட்டும். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் "என்னத்தச் சொல்ல" என்பார்கள். "கல்யாணமாகி வந்த அன்னிக்கு இந்த வீட்ல யார் யார் இருந்தாங்க?", "அடுப்புக்கு விறகு எங்கேயிருந்து வரும்?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். சாதியால், வறுமையால் பட்ட அவமானங்களைத் தோண்டித் துருவ வேண்டாம். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொன்னதை வெளியே எழுதலாமா என்று பிறகு தனியாகக் கேளுங்கள்.

எனக்கு வயதாகிவிட்டதே?

உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கையை ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தது 1940இல். அவர் பிறந்தது 1855. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது கதை முடிந்திருக்கவில்லை. ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடமும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களும் அதில் முழுசாக இருக்கின்றன. முடிப்போமா என்ற யோசனையை விட்டுவிட்டு, உங்களுக்கு மட்டுமே தெரிந்த பகுதியை முதலில் எழுதுங்கள். பிறந்ததிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நான் நினைவில் வைத்திருப்பது ஒன்று, அக்கா சொல்வது ஒன்று. எதை எழுதுவது?

இரண்டையும். "எனக்கு நினைவிருக்கிற வரை அப்பா அன்று குடையோடு வந்தார். குடையே அப்போது வீட்டில் கிடையாது என்கிறாள் அக்கா." இப்படி எழுதினால் உண்மைக்கும் குறைவில்லை, கதையும் நன்றாகிறது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆதாரம் கிடைத்தால் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அக்காவின் வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். தெரியாத இடத்தை வசனம் எழுதி நிரப்புவது மட்டும் கூடாது, அது வாழ்க்கை எழுத்தல்ல, கற்பனை.

துக்கத்தை எழுதினால் மனம் லேசாகுமா?

சிலருக்கு ஆகும். அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் வாழ்வின் மிகக் கசப்பான அனுபவத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய தங்கள் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. பிறகு பலர் செய்த ஆய்வுகளில் பலன் சராசரியாகச் சிறிய அளவில்தான் தெரிந்தது.

எனவே எழுத்தை மருந்து என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். துக்கம் பச்சையாக இருக்கும்போது அதன் நடுவே போய் எழுத வேண்டியதில்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று குறிப்பு மட்டும் எழுதி வைத்து, பல மாதம் கழித்துத் தொடலாம். ஒரே விஷயத்தை ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள், எழுதியதும் தூக்கம் கெடுகிறது என்றால் நிறுத்திவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் நோட்டோடு தனியாக இருக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

எழுதியதைத் திருத்தலாமா? புத்தகமாகப் போடலாமா?

டைரியைத் திருத்தாதீர்கள், அதிலிருந்து புதிதாக எழுதுங்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1942 ஜூனில் டைரி தொடங்கினாள். போர்க்கால டைரிகளும் கடிதங்களும் பின்னால் சேகரிக்கப்படும் என்று 1944இல் வானொலியில் கேட்ட பிறகு, அதைப் புத்தகமாக்கும் எண்ணத்தோடு தனித்தாள்களில் மறுபடி எழுதத் தொடங்கினாள். பழைய நோட்டு அப்படியே இருந்தது. நாமும் அப்படியே செய்யலாம்.

வெளியே காட்டும் பிரதியில் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தால் அவர்களிடம் காட்டுங்கள், குறைந்தது அந்தப் பகுதியையாவது. நோய், கடன், காதல், விவாகரத்து இந்த நான்கிலும் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் எதையும் அச்சுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் உங்கள் மேல் நடந்த கொடுமையைச் சொல்ல, செய்தவரின் அனுமதி தேவையில்லை. பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லுங்கள்.

புத்தகம் என்றால் பதிப்பகம்தான் வேண்டும் என்றில்லை. டைப் செய்து, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் போதும். எந்தப் பதிப்பகத்தின் வாசகரைவிடவும் கவனமாகப் படிக்கிறவர்கள் அவர்கள்தான்.

நோட்டுகளை எப்படிப் பாதுகாப்பது?

சாதாரண பால்பாயிண்ட் பேனா நல்லது. ஜெல் பேனா மையும் இங்க் பேனா மையும் பெரும்பாலும் தண்ணீர் பட்டால் ஓடிவிடும். குண்டூசி, ஜெம் கிளிப் துருப்பிடிக்கும், செல்லோ டேப் பழுத்துக் கறை விடும். பஸ் டிக்கெட்டையோ ஏடிஎம் சீட்டையோ ஒட்டி வைத்தால் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிடும், அதில் உள்ளதைப் பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள்.

பரண் சூடு, எலி. பீரோவின் அடித்தட்டில் வெள்ளம் வந்தால் முதலில் நனையும். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ ஆல்பங்கள் அப்படித்தான் போயின. நடுத்தட்டுதான் சரி. வேப்பிலை போடுவதானால் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும், பச்சை இலை ஈரத்தை விடும். நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், ஒட்டிய பக்கங்களை இழுக்கவும் வேண்டாம். நிழலில் மின்விசிறிக் காற்றில், பிரியும் பக்கங்களுக்கு இடையே மை இல்லாத உறிஞ்சும் தாள் வைத்து, தாளை மாற்றி மாற்றிக் காயவையுங்கள். நோட்டு ஒன்று முடிந்ததும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்று தோன்றினால்?

உங்கள் எழுத்து, உங்கள் உரிமை. ஆனால் கோபத்திலோ துக்கத்திலோ அதைச் செய்ய வேண்டாம். உறையில் போட்டு ஒட்டி, மேலே இன்றைய தேதியையும் "நான் இருக்கும்வரை யாரும் பிரிக்க வேண்டாம்" என்பதையும் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்து வாங்கிப் படியுங்கள். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால், எரிப்பதற்கு முன் அதிலிருக்கும் பெயர்கள், தேதிகள், ஊர்கள், வீட்டு வரைபடம் ஆகியவற்றை மட்டும் வேறு நோட்டில் பெயர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மீதி உங்கள் இஷ்டம்.